சித்தப்பா, லைட்டைக் கொஞ்சம் பிடிங்க

கல்யாண வீட்டில் படம் எடுப்பவனுக்கு எல்லாரும் உறவுதான். பெண்ணின் மாமா எனக்கும் மாமா, மாப்பிள்ளையின் அத்தை எனக்கும் அத்தை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "பெரியம்மா, இப்படி வாங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், முந்தானையைச் சரிசெய்துகொண்டு நாலு பேர் ஓடி வருவார்கள்.

சிங்கப்பூரில் இந்தப் பன்னிரண்டு வருடத் தொழிலில் கேமராவை மூன்று முறை மாற்றிவிட்டேன். மாற்றாதது ஒரு சின்ன நோட்டு. அதில் உறவு முறைகளை எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அத்தா என்றால் அப்பா, அவர் தம்பி சாச்சா. இந்து வீடுகளில் அவர் சித்தப்பா. எங்களுக்கு மாமி என்றால் மாமியார். சிலோன்காரர் வீட்டில் மாமி என்றால் அத்தையும்தான். தொழிலுக்கு வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு மணப்பெண்ணின் அத்தையை மாமியார் என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டு வரிசையில் நிறுத்தி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு வாங்கியதுதான் அந்த நோட்டு. அதற்கப்புறம் உறவு முறையில் இந்த ஃபாரூக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன். என் மனைவி அஃப்ரீன் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

லக்ஷனாவின் கல்யாணத்தில் அந்தத் திமிருக்குச் சரியான அடி விழுந்தது.

லக்ஷனா சிலோன் தமிழ்ப் பெண், குவீன்ஸ்டவுனில் வீடு. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, யார் யாரைச் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பியிருந்தாள். அம்மா பூரணம். பெரியப்பா, பெரியம்மா. சித்தப்பா ஏரம்பமூர்த்தி. கடைசியில் ஒரு வரி: 'அப்பா இல்லை அண்ணா, எனக்கு மூணு வயசு இருக்கறப்பவே தவறிட்டாங்க.' நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். பெரியப்பா, அப்பாவின் அண்ணன். சித்தப்பா, அப்பாவின் தம்பி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வழக்கமாக எனக்கு லைட் பிடிப்பது அஃப்ரீன். வெள்ளைக் குடை மாட்டிய பெரிய லைட் அது. கோயில் கூட்டத்தில் ஸ்டாண்டில் நிறுத்தினால் யாராவது தட்டிவிடுவார்கள், ஆள் பிடித்தால்தான் சரி. ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் நாலு வயது மகள் ஹனீனுக்குக் கையிலும் வாயிலும் கொப்புளம் வந்துவிட்டது. பாலர் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே நோய். அஃப்ரீன் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. "லைட்ட யார் பிடிப்பா?" என்று கேட்டாள். "அல்லா யாரையாச்சும் அனுப்புவான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அனுப்பத்தான் செய்தான். கோயில் மண்டபத்தில் ஒரு தூண் ஓரமாக, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, ஒல்லியாக உயரமாக ஒருவர் தனியாக நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது, கனமான கண்ணாடி. மேடைக்கு இரண்டு அடி எடுத்து வைப்பார், திரும்பித் தூணுக்கே வந்துவிடுவார்.

"நீங்க பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?"

"நான்... லக்ஷனாவின்ர சித்தப்பா, தம்பி."

"அப்ப நம்ம ஆளு! சித்தப்பா, இந்த லைட்டைக் கொஞ்சம் பிடிங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அரை மணி நேரத்தில் வேலையைக் கற்றுக்கொண்டார். நான் நகர்வதற்கு முன்பே அவர் நகர்ந்தார், நான் குனிந்தால் குடையைத் தாழ்த்தினார். மேடையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அம்மா பூரணம் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா பிடித்த வெளிச்சம் அந்தக் கண்ணீரில் அழகாக விழுந்தது. மனிதர் பிறவிக் கலைஞர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு தொல்லை. பெண்ணும் அம்மாவும் என் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்றார்கள். மணமேடைச் சடங்கு முடிந்து குடும்பப் படங்கள் எடுக்கும்போது, "பொண்ணோட அம்மா மட்டும் வாங்க" என்று கூப்பிட்டேன். பூரணம் அம்மா வந்து நின்றார், பார்வை லைட் பக்கம் போனது. லக்ஷனாவும் அப்படியே. ஒரு தடவை கையைக்கூட அசைத்து அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள். சித்தப்பா லைட்டைக் காட்டி, வேலையில் இருக்கிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"லைட்டைப் பாக்காதீங்கம்மா, என்னைப் பாருங்க" என்று பத்துத் தடவையாவது கத்தியிருப்பேன். "கல்யாணப் பொண்ணுக்கு மாப்பிள்ளைய விட லைட் மேலதான் ஆசை லா!" என்று ஒரு ஜோக் வேறு. கூட்டம் சிரித்தது. குடைக்குப் பின்னாலிருந்து சித்தப்பாவும் சிரித்தார்.

எல்லாம் முடிந்ததும் கைப்பிடியைத் தன் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் நீட்டினார். "நல்ல வேலை தந்தீங்கள், தம்பி." கிண்டல் செய்கிறார் என்று எண்ணி நானும் சிரித்தேன். ஹனீனுக்குக் காய்ச்சல் கூடிவிட்டது என்று அஃப்ரீன் செய்தி அனுப்பியிருந்தாள். பட்டியலை இன்னொரு தடவை பார்க்காமல், சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல், புக்கிட் மேராவில் இருக்கும் வீட்டுக்கு வண்டி பிடித்தேன்.

மறுநாள் லக்ஷனாவின் குரல் செய்தி வந்தது. "அண்ணா, மத்த படமெல்லாம் மெதுவா குடுங்க, no rush. அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் உமாசுதனும் மெல்பர்ன் போறோம், அவருக்கு அங்க வேலை. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் மட்டும் பெருசா frame போட்டு வேணும். நானும் சித்தப்பாவும் நிக்கிற படம். எங்க வீட்டு ஹால்ல அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டுத்தான் போகணும்."

"அதுக்கென்ன, இருக்கும்" என்று பதில் போட்டேன். ஆயிரத்து எழுநூறு படத்தில் ஒன்று இல்லாமல் போகுமா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹனீன் தூங்கிய பிறகு அஃப்ரீன் மடிக்கணினியைத் திறந்தாள். படங்களைத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. என்னிடம் விட்டால் எல்லாமே நல்லாயிருக்கிறது என்பேன். ஒரு மணி நேரம் கழித்து அடுப்படியில் நின்ற என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, சித்தப்பான்னு ஒருத்தரக் கேட்டாங்களே, எப்படி இருப்பார்?"

"ஒல்லியா, உயரமா, கண்ணாடி போட்டு."

"அப்படி ஒருத்தர் ஒரு படத்துலயும் இல்ல. ஒரு கை மட்டும் இருக்கு. இங்க ஒரு முழங்கை. இங்க பாருங்க, வேட்டிக் கரை."

லைட் பிடித்தவர் எப்படிப் படத்துக்குள் வருவார்? அவர் வெளியே நிற்பதற்காகத்தானே நான் அவ்வளவு பாடுபட்டேன்?

"எல்லாரும் ஏன் ஓரமாவே பாக்கறாங்க?" என்று கேட்டபடி அஃப்ரீன் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். லக்ஷனாவின் முகம் மட்டும் எடுத்த படம். கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மட்டும் திரை முழுக்கக் கொண்டுவருவது எங்கள் பழக்கம். கருவிழியில் வெள்ளை வட்டமாகக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே எள்ளளவில் ஓர் ஆள். அடுத்த படத்திலும் அதே ஆள். பூரணம் அம்மாவின் கண்ணிலும் அவரே. இருவரும் லைட்டைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்தவரைப் பார்த்திருக்கிறார்கள்.

அஃப்ரீன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

லக்ஷனாவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "ஒரு படத்துலயும் அவர் இல்லம்மா. தப்பு என்னோடது. உங்க அப்பாவோட தம்பிய லைட் பிடிக்க வச்சிட்டேன்."

"அண்ணா, எங்கப்பாதான் வீட்டுல கடைசிப் பிள்ளை. அவருக்குத் தம்பியே கிடையாது."

"அப்ப இவர் யாரும்மா?" என்றேன்.

"அம்மா மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டவர் அவர். எனக்கு அஞ்சு வயசு. School bag தூக்கினது, tuition-க்குக் கூட்டிட்டுப் போனது, எல்லாம் அவர்தான். அம்மா 'அப்பான்னு கூப்பிடு'ன்னுதான் சொன்னாங்க. அவர்தான் ஒத்துக்கல. 'அப்பா எண்டா அவர்தான், என்னைச் சித்தப்பா எண்டு கூப்பிடு'ன்னார். ஹால்ல அப்பா படம் மட்டும்தான் இருக்கு. இவர் படத்த மாட்டலாம்னா விடவே மாட்டார். கல்யாணப் படம்னா மறுக்க முடியாதுல்ல, அதான் plan பண்ணேன்." குரல் கொஞ்சம் உடைந்தது. "ரெண்டு தடவ மேடைக்குக் கூப்பிட்டேன். லைட்டக் காட்டிட்டு அங்கயே நின்னுட்டார். பெரியப்பா ஆளுங்க எல்லாம் இருந்தாங்க, என்னால கத்த முடியல. சொந்தக்காரங்க phone-ல எடுத்ததுலயும் குடைதான் தெரியுது. நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், அண்ணா."

கேட்டிருக்கலாம்தான். நோட்டு வைத்திருக்கிற பெரிய மனிதன் ஏன் கேட்கப் போகிறான்? போனை வைத்துவிட்டு அந்த நோட்டை எடுத்து, 'சித்தப்பா, அப்பாவின் தம்பி' என்ற வரியைப் பேனாவால் அடித்தேன். தாள் கிழிந்துபோகிற மாதிரி அடித்தேன். ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்கிய மனிதரை அவள் கல்யாணத்தில் லைட் ஸ்டாண்டு ஆக்கிவிட்டேன். அன்று சோறு இறங்கவில்லை.

"மறுபடி எடுத்துக் குடுத்திடலாம்" என்றேன் அஃப்ரீனிடம். "ஆனா அவர் நிக்கணுமே? இருபது வருசத்துக்கு மேல தப்பிச்சிட்டு இருக்கற மனுசன்."

ஹனீனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "நிக்க வைக்காதீங்க. லைட்டக் குடுங்க."

இந்தப் பெண்ணை எனக்குக் கட்டி வைத்தவர்களுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடி அது. செங்குத்தான படி. பூரணம் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். லக்ஷனா கூறைச்சேலையில் இருந்தாள், தலையில் கீழே பஃபலோ ரோட்டில் வாங்கிய மல்லிகைச் சரம். உமாசுதன் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தான். காய்ச்சல் விட்டுப் பழையபடி ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த ஹனீன், "Auntie, நீங்க princess-ஆ?" என்று லக்ஷனாவிடம் ஒட்டிக்கொண்டாள்.

சித்தப்பாவிடம் மட்டும் நான் சொல்லியிருந்தது இதுதான்: அன்றைக்குச் சில படங்கள் சரியாக வரவில்லை, திரும்ப எடுக்க வேண்டும், லைட் பிடிக்க ஆள் வேண்டும். பொய் என்று சொல்ல முடியாது. வந்ததும் வராததுமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

லக்ஷனா அஃப்ரீனோடு கண்ணாடி முன் நின்று சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, உங்களுக்கு ஒரு நன்றி சொல்லோணும். அண்டைக்கு நீங்கள் இதைத் தந்திராட்டி நான் எங்க நிக்கிறதெண்டே தெரியாமல் நிண்டிருப்பன். மேடையில ஏறினா அவளின்ர அப்பாவின்ர ஆக்கள் என்ன நினைப்பினம்? ஏறாட்டிப் பிள்ளை என்ன நினைக்கும்? கையில ஒரு வேலை வந்திட்டுது. அவளைக் கிட்ட நிண்டு முழுக்கப் பார்த்தன். மேடையில நிண்டவைக்குக்கூட அப்பிடித் தெரிஞ்சிருக்காது."

நான் மன்னிப்புக் கேட்பதற்காக மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் எனக்கு நன்றி சொல்கிறார். "கொஞ்சம் இருங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, லென்ஸைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பிறகு ஆட்களை நிறுத்தினேன். நடுவில் லக்ஷனா, ஒரு பக்கம் உமாசுதன், மறுபக்கம் பூரணம் அம்மா. ஸ்டாண்டை முன்கூட்டியே கழற்றி ஒளித்து வைத்திருந்தேன். லைட்டைச் சித்தப்பா கையில் கொடுத்து, "பொண்ணுக்குப் பக்கத்துல வாங்க. இன்னும் கிட்ட. இன்னும்" என்றேன். நான் பின்னால் போனேன். இன்னும் பின்னால் போனேன். முதுகு சுவரில் இடித்தது. உண்மையான வெளிச்சத்துக்கு அஃப்ரீன் இன்னொரு லைட்டோடு எனக்குப் பக்கத்தில் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

மனிதர் முட்டாள் இல்லையே. "தம்பி, நான் படத்துக்குள்ள வாறன் போல கிடக்கு."

"வரணும், சித்தப்பா. அன்னிக்கு உங்கள வெளிய நிறுத்தினது என் தப்பு. நீங்க யாருன்னு கேக்காமலே நிறுத்திட்டேன். இன்னிக்கு உங்கள விட்டுட்டு நான் எடுக்க மாட்டேன்."

அவர் ஒரு அடி நகரப் பார்த்தார். கையில் லைட். கீழே வைக்க ஸ்டாண்டு இல்லை, விட்டால் விழுந்துவிடும். சுற்றிப் பார்த்துவிட்டு உமாசுதனிடம் நீட்டினார். அந்தப் பையன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

பூரணம் அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது அவரைப் பார்க்காமல், நேரே என் கேமராவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எத்தினை வருசமாத் தள்ளித் தள்ளி நிக்கிறியள். காணும், போதும். பிள்ளை நாளைக்குப் போகுது. நில்லுங்கோ."

அவர் நின்றார். லைட்டின் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். லக்ஷனா கையை நீட்டி அவர் கைக்கு மேலே அந்தத் தண்டைப் பிடித்தாள்.

"இன்னிக்கு யாரும் என்னைப் பாக்காதீங்க" என்றேன். "எல்லாரும் லைட்டைப் பாருங்க."

பார்த்தார்கள். அம்மாவும் மகளும் அன்று கோயிலில் பார்த்த அதே பார்வை. இந்த முறை அந்தப் பார்வை போய்ச் சேர்ந்த இடமும் படத்துக்குள் இருந்தது. சித்தப்பாவின் கண்ணாடிக்குள் நீர் கட்டிக்கொண்டு நின்றது, இரண்டு கையும் லைட்டில் இருந்ததால் துடைக்க வழியில்லை. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஹனீன் மட்டும், "அத்தா, அந்தத் தாத்தா ஏன் அழறாரு?" என்று உரக்கக் கேட்டாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான். அந்தச் சிரிப்பில் எடுத்ததுதான் நல்ல படம். குடை, தண்டு, தரையில் ஓடுகிற வயர் எல்லாம் தெரிகிறது. என் தொழில் கணக்கில் அது குப்பை. என்னைக் கேட்டால் நான் எடுத்ததிலேயே அதுதான் உசத்தி.

அங்கேயே பெரிதாக அச்சடித்து, ஸ்டூடியோவில் இருந்ததிலேயே நல்ல சட்டத்தில் போட்டு, சாயங்காலம் நானே அவர்களோடு குவீன்ஸ்டவுனுக்குப் போனேன். அந்த வீட்டுச் சுவரில் அது ஏறுவதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்று தோன்றியது. சின்ன ஹால். மூலையில் கட்டிப்போட்ட மூன்று பெட்டிகள். சுவரில் லக்ஷனாவின் அப்பா, மீசை வைத்த இளைஞர். இப்போதைய உமாசுதனை விட ஓரிரண்டு வயதுதான் கூட இருக்கும்.

பக்கத்து வீட்டில் டிரில் இரவல் வாங்கி வந்தான் உமாசுதன். நான் நாற்காலி மேல் ஏறி, இரண்டு படமும் சரிசமமாக வரும்படி அளந்து பென்சிலால் புள்ளி வைத்தேன்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ." சித்தப்பா கீழிருந்து கையைத் தூக்கினார். போச்சு, மறுபடி வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். லக்ஷனாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சித்தப்பா, please. இதுக்காகத்தான் நான்..."

"வேண்டாம் எண்டு சொல்லேல்லை, பிள்ளை." ஒற்றை விரலைப் படுக்கையாக வைத்துக் காட்டினார். "இவ்வளவு கீழே போடச் சொல்லுறன். அவர் மூத்தவர். நான் அவருக்குத் தம்பி முறைதானே?"

லக்ஷனா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பூரணம் அம்மா சமையலறைக்குப் போய்விட்டார், குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் முதல் புள்ளியை அழித்துவிட்டு, ஒரு விரல் கீழே துளை போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை அடித்த அடியில் அந்த வரி படிக்கவே முடியாமல் போயிருந்தது. அதற்குக் கீழே, நல்ல எழுத்தாக, மறுபடி எழுதினேன்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி.